ஆறத் தெரியாத காயம்: வேண்டாத இடத்தில் முளைக்கும் இரத்தக்குழாய்கள்

ஃப்ளோரிடா கடலோரத்தில் மானட்டீ என்று ஒரு பாலூட்டி உண்டு. உருவம் பெரிது, சுபாவம் சாது. கடற்புல்லைத் தின்று வயிறு வளர்க்கும். அதன் கண்ணில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கார்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிவான படலத்தில், இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. ஏதோ நோய் வந்து முளைத்தவை அல்ல. ஆரோக்கியமான மானட்டீக்கும் அப்படித்தான். மற்றபடி மனிதன், யானை, திமிங்கிலம் என யாரைப் பார்த்தாலும் கார்னியாவில் ஒற்றைக் குழாய்கூட இருக்காது. மானட்டீயின் நெருங்கிய உறவினரான கடற்பசுவுக்கும், பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்று சொல்வார்களே, அதற்கும் கார்னியா தெளிவுதான்.

இந்த வித்தியாசத்துக்கான காரணம் 2006ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் பாலமுரளி அம்பத்தி, ஜெயகிருஷ்ணா அம்பத்தி சகோதரர்கள். வேலூரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பாலமுரளி, 17 வயதிலேயே மருத்துவப் பட்டம் வாங்கி கின்னஸில் இடம் பிடித்தவர். அவர்கள் கண்டது இதுதான்: கார்னியாவிலும் இரத்தக்குழாயை வளரச் சொல்லும் விஇஜிஎஃப் என்ற புரதம் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்து முடக்கிவைக்கும் எஸ்ஃபிளிட்-1 என்ற இன்னொரு புரதமும் கூடவே இருக்கிறது. எலியின் கார்னியாவில் இந்த இரண்டாவது புரதத்தை நீக்கியதும் குழாய்கள் முளைத்தன. மானட்டீயின் கார்னியாவில் அந்தப் புரதம் கிடையாது. கடற்பசு, யானை, டால்ஃபின் எல்லாவற்றிலும் உண்டு.

அதாவது, கார்னியாவின் தெளிவு சும்மா கிடைத்தது அல்ல. வளரச் சொல்லும் கட்டளையை ஒவ்வொரு நொடியும் யாரோ பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதால் கிடைப்பது. அந்தப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும், தளர்த்துவது யார் என்ற கேள்விகளில்தான் சர்க்கரை நோயாளியின் பார்வை இழப்பும், விழித்திரையின் மையமான மாக்குலாவில் முதுமையில் வரும் சிதைவும், புற்றுநோய்க் கட்டியின் வளர்ச்சியும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

மூச்சு முட்டினால் வரும் கட்டளை

வளர்ந்த மனிதரின் உடம்பில் புதிய இரத்தக்குழாய் உருவாவது அபூர்வம். குழாய்களின் உட்சுவரில் பதிந்திருக்கும் எண்டோதீலியல் செல்கள் வருடக்கணக்கில் பெருகாமல் அப்படியே கிடக்கும். மாதவிடாய்ச் சுழற்சி, கர்ப்பம், காயம் ஆறுதல் என்று சில சந்தர்ப்பங்களில் மட்டும்தான் அவை விழித்தெழும். வேலை முடிந்ததும் மறுபடி அடங்கிவிடும்.

எழுப்பிவிடும் முதல் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை. செல்களுக்குள் எச்ஐஎஃப் என்றொரு புரதம் ஓயாமல் உற்பத்தியாகிறது. உற்பத்தியான கையோடு அழிக்கவும்படுகிறது. அழிப்பதற்கான அடையாளத்தை அதன்மேல் வைக்க ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது, புரதம் தப்பிவிடும். தப்பிய எச்ஐஎஃப் செல்லின் கருவுக்குள் புகுந்து பல மரபணுக்களை இயக்கும். அவற்றில் முக்கியமானது விஇஜிஎஃப். இந்த நுட்பத்தைக் கண்டறிந்த கிரெக் செமென்ஸா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கெய்லின் மூவருக்கும் 2019ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

விஇஜிஎஃப் கசிந்து பரவியதும் அருகிலுள்ள குழாயில் ஏதாவதொரு எண்டோதீலியல் செல் தலைமை ஏற்கும். பந்தல் தேடும் புடலங்கொடியின் நுனி எப்படித் துழாவிக்கொண்டே போகுமோ, அப்படி மெல்லிய இழைகளை நீட்டி, புரதம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நகரும். பின்னால் இருக்கும் செல்கள் பெருகித் தண்டாக நீளும். எல்லாச் செல்களும் தலைமைக்குப் போட்டியிட்டால் குளறுபடிதான். அதனால் முன்னே போகும் செல், நாட்ச் என்ற சமிக்ஞை வழியே பக்கத்துச் செல்களை அடக்கிவைக்கிறது.

குழாய் நீண்டால் மட்டும் போதாது. அதைச் சுற்றி பெரிசைட் என்ற தாங்கு செல்கள் வந்து ஒட்ட வேண்டும். சுவர் இறுக வேண்டும். கசிவு நிற்க வேண்டும். இரத்தம் ஓடத் தொடங்கி ஆக்சிஜன் வந்துவிட்டால் எச்ஐஎஃப் அழியும், விஇஜிஎஃப் குறையும், வேலை நிற்கும். ஒழுங்கான வளர்ச்சி என்பது இந்த நிறுத்தமும் சேர்ந்ததுதான். நிறுத்தம் வராதபோது கிடைப்பது கோணல்மாணலான, பெரிசைட் இல்லாத, கசிகிற, எளிதில் உடைகிற குழாய்கள்.

குறைமாதக் குழந்தைகள்

1942ல் பாஸ்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் தியடோர் டெர்ரி ஒரு புதிய நோயை விவரித்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண் லென்ஸுக்குப் பின்னால் நார்த்திசுவும் இரத்தக்குழாய்களும் திரண்டு பார்வையை மறைத்துவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். 1950ல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். வசதி நிறைந்த மருத்துவமனைகளில்தான் இந்த நோய் அதிகம் என்பது எல்லோரையும் குழப்பியது.

மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் 1951ல் ஆக்சிஜன்மீது சந்தேகத்தைக் கிளப்பினார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் மருத்துவர், சில குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்துச் சோதிக்க முயன்றார். இவர் குழந்தைகளைக் கொன்றுவிடுவார் என்று பயந்த செவிலியர்கள், இரவில் யாரும் பார்க்காதபோது ஆக்சிஜனைக் கூட்டிவைத்தார்களாம். கடைசியில் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு, தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதிப்படுத்தியது. உடனே எல்லோரும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். நோய் குறைந்தது, மூச்சுத்திணறிச் சாவது கூடியது. பார்வை காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று கென்னத் கிராஸ் 1973ல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆக்சிஜன் கூடினால் ஏன் குழாய் வளர வேண்டும்? ஆக்சிஜன் குறைந்தால்தானே வளரும்? இந்த முரண்பாட்டுக்குள்தான் விடை இருந்தது. தாயின் வயிற்றில் விழித்திரைக் குழாய்கள் மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாக வளர்கின்றன. குறைமாதக் குழந்தைக்கு அந்தப் பயணம் பாதியில் நிற்கிறது. ஆக்சிஜன் நிறைந்த இன்குபேட்டர் பெட்டிக்குள் விஇஜிஎஃப் தேவையில்லாமல் போய்விடுவதால் வளர்ச்சி நின்று, இருக்கும் குழாய்களும் சுருங்குகின்றன. சில வாரங்களில் விழித்திரை முதிர்ந்து அதன் பசி கூடும்போது, ஓரத்தில் குழாய் இல்லை, ஆக்சிஜன் இல்லை. அடக்கிவைத்த கட்டளை அப்போது மொத்தமாகப் பொங்கி வருகிறது. கண்ணுக்குள் பரவி இப்படிக் குழாய் வளர்க்கும் ஏதோ ஒரு பொருள் விழித்திரையில் சுரக்க வேண்டும் என்று ஐசக் மைக்கேல்சன் 1948லேயே ஊகித்திருந்தார். அந்தப் பொருளைக் கையில் பிடிக்க இன்னும் நாற்பது வருடங்கள் ஆயின.

"அது வெறும் அழற்சிதான்"

அதைப் பிடித்த கதை புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிக்கொண்டிருந்த ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர், உடம்பிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்து, அதற்குள் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தார். கட்டி குண்டூசித் தலை அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டது. அதே கட்டியை எலிக்குள் வைத்தால் கிடுகிடுவென வளர்ந்தது. வித்தியாசம் ஒன்றுதான்: எலியில் கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்கள் வந்தன, கலத்தில் வரவில்லை. கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை வரவழைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971ல் அவர் எழுதினார்.

நிரூபிப்பதற்கு அவர் குழு தேர்ந்தெடுத்த இடம் முயலின் கார்னியா. இயல்பிலேயே அங்கே குழாய் இல்லையாதலால், எது முளைத்தாலும் அது புதிதுதான். கார்னியாவுக்குள் ஒரு சிறு பை போலக் கீறி அதில் கட்டித் துணுக்கை வைத்தபோது, ஓரத்திலிருந்து குழாய்கள் அதை நோக்கி வரிசையாக வளர்ந்தன. விமர்சகர்கள் அசரவில்லை. இது வெறும் அழற்சி, தூசி விழுந்தாலும் கண் சிவக்கத்தானே செய்யும் என்றார்கள். ஃபோக்மன் பல வருடங்கள் அழற்சி வேறு, தான் பார்ப்பது வேறு என்று காட்டுவதிலேயே செலவிட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அதே பாஸ்டனில் ஹரால்ட் டிவோராக்கும் டொனால்ட் செங்கரும் வேறு கேள்வியோடு இருந்தார்கள்: புற்றுநோயில் வயிற்றில் ஏன் நீர் கோக்கிறது? கினிப்பன்றிகளின் கட்டிகளிலிருந்து அவர்கள் 1983ல் பிரித்தெடுத்த புரதம் இரத்தக்குழாயைக் கசியவைப்பதில் ஹிஸ்டமினைவிட 50,000 மடங்கு வீரியமானதாக இருந்தது. சிசிலியில் பிறந்த நெப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரி செல்களிலிருந்து எண்டோதீலியல் செல்களைப் பெருக்கும் புரதம் ஒன்றை ஜெனென்டெக் நிறுவனத்தில் 1989ல் பிரித்தெடுத்தார். இரண்டின் மரபணுக்களையும் படித்தபோது தெரிந்தது, இரண்டும் ஒன்றே. கசியவைப்பதும் வளரவைப்பதும் ஒரே விஇஜிஎஃப்.

அதன் அளவு எவ்வளவு நுட்பமாகக் காக்கப்படுகிறது என்பதற்கு ஒரு சான்று போதும். எலிக்கரு ஒன்றில் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலே கரு வயிற்றுக்குள் இறந்துவிடுகிறது. 1996ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின.

ஃபோக்மன் வென்றார், விமர்சகர்கள் தோற்றார்கள் என்று கதையை இங்கே முடிப்பதுதான் வழக்கம். ஆனால் விமர்சகர்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. 1977லேயே பீட்டர் பால்வெரினியும் உடன் ஆய்வாளர்களும், தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்களைக் கினிப்பன்றியின் கார்னியாவில் வைத்தால் குழாய் முளைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். மேக்ரோஃபேஜ் என்றால் கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல். கட்டியே வேண்டாம், எதிர்ப்புச் செல்கள் மட்டுமே போதும், குழாய் வரும்.

எப்படி? முதலாவது, மேக்ரோஃபேஜ் தானே விஇஜிஎஃப் சுரக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தைத் தேடிப் போய்க் கூடுவதும் அதன் இயல்பு. இரண்டாவது, அதன் முன்னோடியான மோனோசைட் செல்லின் மேல் விஇஜிஎஃப் ஏற்பி ஒன்று இருக்கிறது. ஆகவே விஇஜிஎஃப் குழாயை மட்டுமல்ல, எதிர்ப்புச் செல்களையும் கூப்பிடுகிறது. வந்த செல்கள் இன்னும் விஇஜிஎஃப் சுரக்கின்றன. அது இன்னும் செல்களைக் கூப்பிடுகிறது. மூன்றாவது, நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்றவை எம்எம்பி-9 என்ற நொதியை வெளியிட்டுத் திசுவைக் கரைக்கும். திசுவில் ஒட்டிக் கிடக்கும் பழைய விஇஜிஎஃப் இருப்பும் அப்போது விடுதலையாகும். புதிதாக ஒரு துளி சுரக்காமலேயே கட்டளையின் சத்தம் கூடிவிடும். டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-8 முதலிய அழற்சிப் புரதங்கள் இதற்கு மேலும் உரம் சேர்க்கும்.

சாதாரணக் காயத்திலும் இதெல்லாம் நடக்கிறது. கசிவு வருகிறது, எதிர்ப்புச் செல்கள் வருகின்றன, குழாய் முளைக்கிறது, சிவந்த சதை பூரிக்கிறது. பிறகு மேக்ரோஃபேஜ்கள் தம் குணத்தை மாற்றிக்கொண்டு அழற்சியை அடக்கும் பக்கம் சாய்கின்றன, உபரிக் குழாய்கள் மடிகின்றன, தழும்பு மிஞ்சுகிறது. 1986ல் டிவோராக் எழுதிய கட்டுரையின் தலைப்பே கட்டிகளை ஆறாத காயங்கள் என்றது. விஇஜிஎஃப் கட்டளை போடுகிறது; அந்தக் கட்டளை ஒரு வாரத்தில் ஓயுமா, வருடக்கணக்கில் ஒலிக்குமா என்பதைப் பெருமளவில் எதிர்ப்புச் செல்கள் தீர்மானிக்கின்றன.

எதிர்ப்புச் செல்கள் எப்போதும் வளர்ப்பு வேலைதான் செய்யும் என்றும் சொல்ல முடியாது. கருவில் கண் உருவாகும்போது லென்ஸைச் சுற்றித் தற்காலிகமாக ஒரு குழாய் வலை இருக்கும். பிறப்பையொட்டி அதை அழிப்பவை மேக்ரோஃபேஜ்கள்தான். எலியில் அவற்றை நீக்கிப் பார்த்தபோது அந்த வலை அழியாமல் அப்படியே தங்கிவிட்டது. ஒரே செல், ஒரு வேளை வளர்க்கிறது, இன்னொரு வேளை அறுக்கிறது.

சர்க்கரை, முதுமை, மாற்றுக் கார்னியா

இந்தக் கூட்டுவேலையை நேரில் பார்க்க விழித்திரையைவிட நல்ல இடம் இல்லை. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்த ஆய்வு 2023ல் மதிப்பிட்டது. சென்னையில் முன்பு நடந்த ஓர் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டது.

அதிகச் சர்க்கரை முதலில் பெரிசைட்களைக் கொல்கிறது. தாங்கு செல் இழந்த நுண்குழாய் பலூன்போல் உப்பும், கசியும். குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகி, இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய அணுக்கள் சுவரைச் சேதப்படுத்துவதோடு வழியையும் அடைக்கின்றன. அடைபட்ட பகுதிக்கு ஆக்சிஜன் போகாது. பிறகு நடப்பது தெரிந்ததுதான்: எச்ஐஎஃப், விஇஜிஎஃப், புதிய குழாய். அந்தக் குழாய் விழித்திரைக்குள் வளராமல், கண்ணின் நடுவே இருக்கும் ஜெல்லை நோக்கி நீள்கிறது. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும். தழும்பாகிச் சுருங்கினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். இவ்வளவும் நடக்கும்வரை வலி துளியும் இருக்காது. 1994ல் லாய்ட் ஐயெல்லோவும் சக ஆய்வாளர்களும் இத்தகைய நோயாளிகளின் கண் திரவத்தில் விஇஜிஎஃப் அளவு எகிறியிருப்பதைக் காட்டினார்கள்.

லேசர் சிகிச்சை இந்தக் கண்டுபிடிப்பைவிடப் பழையது. 1945ல் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துப் பார்வை கெட்ட ஒருவரின் விழித்திரைத் தழும்பைக் கண்ட ஜெர்மன் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத்துக்கு, ஒளியால் வேண்டுமென்றே தழும்பு உண்டாக்கிச் சிகிச்சை செய்யலாமே என்று தோன்றியது. இன்று விழித்திரையின் ஓரப் பகுதியில் நூற்றுக்கணக்கில் லேசர் புள்ளிகள் வைக்கிறார்கள். அது குழாயை நேரடியாகச் சுடுவது அல்ல. ஆக்சிஜனை அதிகம் தின்னும் செல்களில் ஒரு பகுதியைப் பலி கொடுத்து, மிச்சமுள்ள செல்களின் பசியைத் தணிப்பது. பசி தணிந்தால் விஇஜிஎஃப் குறையும்.

முதுமையில் வரும் மாக்குலா சிதைவில் எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு இன்னும் வெளிப்படை. விழித்திரைக்கு அடியில் டிரூசன் எனும் மஞ்சள் படிவுகள் சேர்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் ஏராளம். 2005ல் 'சயின்ஸ்' இதழில் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரே மரபணுவைச் சுட்டின: காம்ப்ளிமென்ட் கட்டுக்கடங்காமல் போகாதபடி பார்த்துக்கொள்ளும் ஃபேக்டர் எச். அதில் ஒற்றை அமினோ அமிலம் மாறியிருந்தால் நோய் வரும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. மூன்றில் ஒரு குழு ஆராய்ந்தது வெறும் 146 பேரை. அவ்வளவு சிறிய எண்ணிக்கையிலேயே பளிச்சென்று தெரியும் அளவுக்கு வலுவான தொடர்பு அது. தேங்கிய கழிவு, அதைச் சுற்றி அடங்காத அழற்சி, அங்கே கூடும் மேக்ரோஃபேஜ், அடியிலிருந்து விழித்திரைக்குள் நுழையும் குழாய் என்று சங்கிலி நீள்கிறது. எலிகளில் மேக்ரோஃபேஜ்களை முன்கூட்டியே நீக்கிவிட்டு விழித்திரையில் லேசரால் காயம் செய்தபோது, முளைத்த குழாய்ப் புதர் சிறியதாகவே இருந்ததை 2003ல் வெளியான ஆய்வுகள் காட்டின.

கண் தானத்தில் கிடைத்த கார்னியாவைப் பொருத்தும்போது திசை மாறுகிறது. தெளிவான கார்னியாவில் இரத்தக்குழாயும் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. அதனால் வந்திருப்பது அந்நியத் திசு என்ற செய்தியே எதிர்ப்பு மண்டலத்துக்கு எளிதில் போகாது; மற்ற உறுப்பு மாற்றங்களைவிட இதில் நிராகரிப்பு குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் ஹெர்ப்பிஸ் தொற்றாலோ ரசாயனம் தெறித்தோ ஏற்கெனவே குழாய் முளைத்த கார்னியா என்றால் நிராகரிப்பு அபாயம் பன்மடங்காகும். அழற்சி குழாயை வரவழைத்தது. இப்போது குழாய் அழற்சிக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது.

கண்ணுக்குள் ஊசி

ஃபெராராவின் குழு உருவாக்கிய விஇஜிஎஃப் எதிர்ப்பு மருந்தான பெவாசிசுமாப், அவாஸ்டின் என்ற பெயரில் 2004 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரானிபிசுமாப், லூசென்டிஸ் என்ற பெயரில் கண்ணுக்காகத் தயாராகி 2006ல் வந்தது. இடைப்பட்ட 2005ல் மயாமியின் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட், காத்திருக்க முடியாத நோயாளிகளுக்காக அவாஸ்டினையே சிறு துளியாக எடுத்துக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். வேலை செய்தது. அப்போது ஒரு ஊசி லூசென்டிஸ் சுமார் 2,000 டாலர். அவாஸ்டின் சுமார் 50. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஆய்வு, பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம் என்று 2011ல் அறிவித்தது. இரண்டு வருடங்களில் உலக சுகாதார நிறுவனம் பெவாசிசுமாபைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2015லேயே ரானிபிசுமாபின் உள்நாட்டுப் பிரதியான ரசுமாப் விற்பனைக்கு வந்தது.

ஊசி போட்டதும் சில நாட்களில் நீர் வற்றுகிறது, பார்வை தெளிகிறது. மாதம் ஒன்றிரண்டு போனதும் பலருக்கு மறுபடி கசிகிறது. "இன்னும் எத்தனை ஊசி டாக்டர்?" என்ற கேள்வி கண் மருத்துவமனைகளில் அன்றாடம் ஒலிக்கிறது. மருந்து செய்வது, சுரந்துவிட்ட விஇஜிஎஃப்பைப் பிடித்து முடக்குவது. சுரக்கவைக்கும் காரணங்கள், அதாவது அடைபட்ட குழாயும் அடங்காத அழற்சியும், அங்கேயேதான் இருக்கின்றன. மருந்து கரைந்தால் கட்டளை திரும்பவும் ஒலிக்கும்.

அதனால்தான் சில சர்க்கரை நோயாளிகளின் மாக்குலா வீக்கம் விஇஜிஎஃப் ஊசிக்கு மசியாமல், கண்ணுக்குள் வைக்கும் டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டுக்கு மசிகிறது. ஸ்டீராய்டு அடக்குவது அழற்சியை. கண் அழுத்தம் கூடுவதும் கண்புரை வருவதும் அதற்குக் கொடுக்கும் விலை. 2022ல் வந்த ஃபாரிசிமாப், விஇஜிஎஃப்போடு சேர்த்து, குழாயின் உறுதியைக் குலைத்து அழற்சிக்கு இடம் கொடுக்கும் ஆஞ்சியோபொயட்டின்-2 என்ற புரதத்தையும் தடுக்கிறது. காம்ப்ளிமென்ட்டை நேரடியாகத் தடுக்கும் பெக்செட்டகோப்லான் 2023ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மாக்குலா சிதைவின் உலர் வகைக்கான மருந்து. ஆய்வில் அதைப் போட்டுக்கொண்டவர்களிடையே, குழாய் முளைக்கும் ஈர வகை புதிதாகத் தோன்றுவது கூடியது. எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு கையைக் கட்டினால் குழாய் வளர்ச்சி அடங்கும் என்று எளிதாகக் கணக்குப் போட முடியாது என்பதற்கு அதுவே நடைமுறை உதாரணம்.

புற்றுநோயில் எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

கட்டியைப் பட்டினி போடும் ஃபோக்மனின் கனவு முழுதாகப் பலிக்கவில்லை. பெருங்குடல் புற்றுநோய் பரவிய 813 பேரிடம் நடந்த ஆய்வில், கீமோவோடு அவாஸ்டின் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக நீண்டது. பயன்தான், ஆனால் குணம் அல்ல. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த அனுமதியை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2011ல் திரும்பப் பெற்றது.

ஹார்வர்டில் பணியாற்றும் ராகேஷ் ஜெயின், ஐஐடி கான்பூரில் படித்த வேதிப் பொறியாளர். கோணலான, கசியும் குழாய்கள் கட்டிக்குள் அழுத்தத்தைக் கூட்டுவதால் கீமோ மருந்தே உள்ளே போகாமல் நிற்கிறது என்றார். விஇஜிஎஃப்பை அளவோடு தடுத்தால் குழாய்கள் சாவதற்கு முன் கொஞ்ச காலம் ஒழுங்காகும், அந்த இடைவெளியில் மருந்து உள்ளே போகும் என்பது 2001ல் அவர் முன்வைத்த கருத்து. குழாய் ஒழுங்கானால் எதிர்ப்புச் செல்களும் உள்ளே போகலாம். விஇஜிஎஃப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்கள் முதிர்ச்சியடைவதை அது தடுக்கிறது. ஆக, விஇஜிஎஃப் தடுப்பையும், எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டிமேல் ஏவும் இம்யூனோதெரபியையும் சேர்த்தால் என்ன? கல்லீரல் புற்றுநோய்க்கு அவாஸ்டினோடு அடிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், அதுவரை வழக்கத்திலிருந்த சோராஃபெனிப் மருந்தைவிட நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். 2020 மே மாதம் அந்தக் கூட்டுச் சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

குறைந்தாலும் வம்பு

அவாஸ்டின் எடுக்கும் புற்றுநோயாளிகள் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும். மகப்பேறு மருத்துவர் யாரிடம் இந்த இரண்டு அறிகுறிகளைச் சொன்னாலும் உடனே, கர்ப்பகாலத்தில் வரும் ப்ரீஎக்லாம்ப்ஸியா என்பார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சி, பாஸ்டனில் தன் குழுவோடு 2003ல் அந்தத் தொடர்பை விளக்கினார். அந்நிலையில் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தைத் தாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறது. எந்தப் புரதம்? கார்னியாவைத் தெளிவாக வைத்திருக்கும் அதே எஸ்ஃபிளிட்-1. தாயின் சிறுநீரகத்திலும் மற்ற உறுப்புகளிலும் குழாய்கள் நலமாக இருக்க அன்றாடம் கொஞ்சம் விஇஜிஎஃப் வேண்டும். அதையும் அது பிடித்து முடக்கிவிடுகிறது. கர்ப்பமான எலிகளுக்கு இதை மட்டும் செலுத்தியபோதே அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. இந்தப் புரத அளவை வைத்துத் தாயின் அபாயத்தைக் கணிக்கும் இரத்தப் பரிசோதனை 2023ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கண்ணுக்குள் போடும் அளவு மிகச் சிறிது என்பதால் பெரியவர்களுக்கு இந்த விளைவுகள் பற்றிய கவலை குறைவு. குறைமாதக் குழந்தைக்கு அப்படியில்லை. அதன் நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் வளர விஇஜிஎஃப் தேவைப்படும் வயது அது. கண்ணில் போட்ட மருந்து கொஞ்சம் இரத்தத்திலும் கலக்கும். ஊசியா, லேசரா, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு அளவு என்பதை மருத்துவர்கள் இன்னும் கவனத்தோடுதான் முடிவு செய்கிறார்கள்.

முடிவு செய்ய முதலில் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். 1996ல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பரிசோதனையை யாரும் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போய்விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2015ல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீட்டில் முடிந்தது. இந்திய வழிகாட்டுதலின்படி 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளைக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். இன்னும் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. சர்க்கரை நோயாளிகளுக்கு வருடம் ஒரு முறை, கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இதற்கு ஈடாகாது. புதிய குழாய் முளைத்த பிறகும் கடைசி வரியைச் சரியாகப் படிப்பவர்கள் நிறையப் பேர்.